இரண்டாவது வசனம்

தண்ணீர் உத்தியோகத்துக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளே, வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே யாராவது ஒரு மூத்தவர் உங்களுக்குச் சொல்லியிருப்பார், அரசியல்வாதிகளிடம் கவனமாக இருங்கள் என்று. நல்ல புத்திமதிதான். ஆனால் அவர்கள் எந்த முகத்தோடு வருவார்கள் என்பதை ஒருவரும் சொல்லித் தருவதில்லை. கறுப்புக் கண்ணாடி வாகனத்தில் நான்கு பேரோடு வருவார்கள் என்று நீங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். என்னிடம் வந்தவர் சைக்கிளில் வந்தார். கையில் எனக்கென்று ஒரு பை நுங்கு வைத்திருந்தார்.

நான் மன்னாரில் நிலத்தடி நீர் ஆராய்கிற உத்தியோகத்தில் இருந்தேன். பிறந்தது பெருநிலத்து இலுப்பைக்கடவையில், வயல் செய்கிற குடும்பத்தில். மன்னார்த் தீவில் எனக்குப் பெயர் 'தண்ணி மிஸ்'. கல்யாணம் ஏன் செய்யவில்லை என்று கேட்பவர்களுக்கு, தண்ணீரில் உப்பு அளக்கிற மீற்றரைப் போல உண்மை பேசுகிற ஆம்பிளை ஒருவரும் அகப்படவில்லை என்று சொல்லி வாயை அடைத்துவிடுவேன். இப்போது ஓய்வுபெற்று மன்னார்ப் பட்டினத்தில் சின்னதாக ஒரு வீட்டில் இருக்கிறேன். கேத்திலில் ஒரு கோப்பைத் தண்ணீர்தான் கொதிக்கிறது.

இந்தத் தீவைப் பற்றி ஒரு விஷயம் விளங்கினால் மிச்சக் கதை தானாக விளங்கும். மணலுக்குக் கீழே மழைத் தண்ணீர் நிற்கிறது. அதற்கும் கீழே கடல். காய்ச்சிய பாலின் மேலே ஆடை கிடக்கிற மாதிரி, நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிசாகக் கிடக்கிறது. வாளி விட்டு மேலாக அள்ளினால் நல்ல தண்ணீர் வரும். ஆழத்துக்குப் போய் இழுத்தால் கடல்தான் வரும். தீவைத் தாண்டிப் பெருநிலத்தில் இது தலைகீழ். பெரியமடுப் பக்கம் கிணறு வற்றினால் இன்னும் தோண்டு என்பார்கள், தோண்டத் தோண்ட நல்ல தண்ணீர் வரும். என் அப்பாவும் அப்படித்தான் தோண்டினார்.

முந்தின அரசு இருந்த காலத்தில் ஒரு கொம்பனி வந்தது. தீவின் மணலில் விலை போகிற கனியம் இருக்கிறதா என்று பார்க்கக் கண்ட இடமெல்லாம் துளை போட்டது. பிறகு, தோண்டி அள்ள அனுமதி கேட்டது. தண்ணீருக்கு என்ன நடக்கும் என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. இந்த மணலை அள்ளினால் நல்ல தண்ணீர் தங்குவதற்கு இடம் இராது, அனுமதிக்கக் கூடாது என்று எழுதினேன்.

எங்கள் திணைக்களப் பணிப்பாளர் கொழும்புக்குக் கூப்பிட்டார். அந்த வசனத்தை எடுத்துவிட்டு 'மேலதிக ஆய்வு தேவை' என்று போடச் சொன்னார். மேலே இருந்து நெருக்குகிறார்கள் என்று கூரையைக் காட்டினார். நான் மாட்டேன் என்றேன். மலைநாட்டுக் குளிர் உமக்கு ஒத்துக்கொள்ளுமா என்று மிகவும் அக்கறையாக விசாரித்தார். அடுத்த மாதம் மலைநாட்டில் ஒரு களஞ்சியத்தில் பழைய குழாய்களுக்குக் காவலிருந்தேன்.

நான் ஒரு பெரிய வீராங்கனை என்று நினைத்துவிடாதீர்கள். அப்போது எனக்கு ஒன்றும் கஷ்டமாக இருக்கவில்லை. மன்னாரிலிருந்து வருகிற ஒவ்வொரு பஸ்ஸிலும் யாராவது ஒருவர் எனக்குக் கருவாட்டுப் பார்சல் கொடுத்துவிடுவார். தீவுச் சனம் வெயிலில் பதாகை பிடித்து, தண்ணி மிஸ்ஸைத் திருப்பித் தா என்று கத்தினது. நான் சைவ சமயத்தவள், அந்தச் சனம் கத்தோலிக்கர். அப்படியிருந்தும் அவர்களுடைய கோவில் திருநாளன்று பங்குத்தந்தை பிரசங்கத்தில் எனக்காக மன்றாடினாராம். குளிரில் நடுங்கிக்கொண்டு குழாய்களுக்கு நடுவில் இருந்தபோதும் எனக்குப் பின்னால் ஒரு ஊரே நின்றது. இதுதான் தனிமை என்று அப்போது நினைத்தேன். எனக்கு ஒரு மண்ணும் தெரிந்திருக்கவில்லை.

தேர்தல் வந்தது. அரசு மாறியது. விஞ்ஞானிகளின் கையைக் கட்டுகிற காலம் முடிந்தது, ஆய்வு என்ன சொல்கிறதோ அதுவே எங்கள் கொள்கை என்று புதியவர்கள் சொன்னார்கள். நான் நம்பினேன். இப்போதும் சொல்கிறேன், அதைச் சொன்னவர்களில் பாதிப்பேர் மனதாரத்தான் சொன்னார்கள். நான் மலைநாட்டில் இருந்தபோது கொம்பனிக்குக் கிடைத்திருந்த அனுமதியை இடைநிறுத்தினார்கள். கொம்பனி வழக்குப் போட்டது. என்னைத் திரும்ப மன்னாருக்கு அழைத்து, மேடையில் ஏற்றி மாலை போட்டார்கள். மாலையைக் கொண்டுவந்து கொடுத்தவர் அதே பணிப்பாளர். அவருடைய அறைச் சுவரில் தலைவரின் படம் மட்டும் மாறியிருந்தது.

என் இடமாற்றத்தை எதிர்த்துப் பதாகை எழுதி, சனத்தைச் சேர்த்து, பொலிசிடம் அடியும் வாங்கின இளைஞர் ஒருவர் இருந்தார். கணித வாத்தியார். ஜெயந்தன் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய அரசில் அவரை இந்தப் பகுதிக்கு அமைச்சரின் இணைப்பாளராகப் போட்டார்கள். கையில் அதிகாரம் வந்த பிறகும் பழைய சைக்கிளிலேயே திரிந்தார். எனக்கு அவரில் ஒரு தம்பியைப் போலப் பாசம்.

அந்தக் கோடையில்தான் கிணறுகளில் உப்பு ஏறியது. தோட்டவெளியைத் தாண்டி ஒரு ஊர். பெயர் வேண்டாம். கொம்பனி போட்ட துளைகளால்தான் கடல் உள்ளே வந்துவிட்டது என்று சனம் சொன்னது. அமைச்சிலிருந்து, போய்ப் பார்த்து எழுதித் தரும்படி எனக்குச் சொன்னார்கள். நானும் மீற்றரைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனேன்.

முதல் போன வீடு றெஜினாவுடையது. இதுவும் அவருடைய பெயர் இல்லை. சண்டைக் காலத்தில் படகேறிப் போய், தமிழ்நாட்டு முகாமில் பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, பிறகு திரும்பி வந்து தகப்பனின் காணியில் குடியிருந்தார். கத்தரியும் மிளகாயும் போட்டிருந்தார். இலை ஓரமெல்லாம் கருகி இருந்தது.

"பங்குச் சாமியார் வந்து கிணத்தை மந்திரிச்சவர் மிஸ்," என்றார். "ஆசீர்வதிச்ச உப்பு கொஞ்சம் கூடிப்போச்சுதோ எண்டு நான் பகிடிக்குக் கேட்டனான். இப்ப பகிடி சொல்ல வாய் வருகுதில்லை. குடிக்கிற தண்ணிக்கு அடுத்த ஊருக்குப் போறன்."

"எதுக்கு மந்திரிச்சவர்?"

"கிணத்தை ஆழமாக்கினதுக்குத்தான். தண்ணி கீழை போகப்போகுது எண்டு எல்லாருக்கும் பயம். அவங்கள் அவ்வளவு ஆழத்துக்குத் துளை போட்டால் எங்கட தண்ணி அதுக்குள்ளைதானே இறங்கும்? வெளிநாட்டிலை இருக்கிற எங்கட பிள்ளையள் காசு அனுப்ப, பெருநிலத்திலை இருந்து கிணறு வெட்டிற ஆக்களைக் கூட்டிக்கொண்டு வந்து ரிங் இறக்கி, மோட்டரும் பூட்டினாங்கள்."

கிணற்றை எட்டிப் பார்த்தேன். புதுச் சீமெந்து வளையங்கள் கண்ணுக்கெட்டாத ஆழத்துக்கு இறங்கியிருந்தன. பெருநிலத்துக் கைவேலை, அச்சொட்டாக என் அப்பாவின் கிணறு போல.

"மோட்டர் எப்பவும் ஓடுமோ?"

றெஜினா சிரித்தார். "மிஸ், முகாமிலை ஒரு குழாய்க்கு எத்தனை குடும்பம் எண்டு தெரியுமா? குடத்தோடை நிண்டு நிண்டு என்ரை இடுப்பு போச்சுது. ஊருக்குப் போனால் இனிக் குடம் தூக்கமாட்டன் எண்டு மாதாவிட்டை நேர்ந்தனான். இப்ப குழாயைத் திறந்தால் தண்ணி. அதை மூட மனம் வருமோ?"

அந்த ஊரில் ஒரு கிணறும் விடாமல் பார்த்தேன். நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆழமாக்கி மோட்டர் பூட்டின கிணறுகள் எல்லாம் உப்பு, பக்கத்தில் துளை இருந்தாலும் இல்லாவிட்டாலும். வாளியால் அள்ளுகிற கிணறுகள் எல்லாம் நல்ல தண்ணீர். கொம்பனி போட்ட துளை ஒன்றுக்கு அருகிலேயே கோவில் கிணறு இருந்தது. கோவிலில் பழைய வாளியைத்தான் இன்னும் வைத்திருந்தார்கள். அந்தத் தண்ணீரில் தேநீர் போடலாம்.

அறிக்கையின் முடிவில் இரண்டு வசனங்கள் எழுதினேன். கனிய மணலை அள்ளினால் தீவின் நல்ல தண்ணீர் அழியும், ஆகவே ஒருபோதும் அனுமதிக்கக் கூடாது என்பது முதலாவது. இந்தக் கிணறுகளில் இப்போது ஏறியிருக்கும் உப்புக்குத் துளைகள் காரணம் இல்லை, ஆழமாக்கியதும் மோட்டரும்தான் காரணம் என்பது இரண்டாவது. அடி ஆழத்தை மணல் போட்டுத் தூர்த்து, மோட்டரை நிறுத்தி, வாளியால் அள்ளினால் சில மாரிகளில் தண்ணீர் திரும்பும் என்றும் சேர்த்துக்கொண்டேன். வரைவை அமைச்சுக்கு அனுப்பினேன்.

பிறகுதான் ஜெயந்தன் நுங்கோடு வந்தார். கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, தேநீரையும் தொடாமல், சொல்ல வந்ததைச் சொல்ல வெட்கப்பட்டார்.

"மிஸ், முதலாவது வசனம் பொன் மாதிரி. அந்த ரெண்டாவதை மட்டும் எடுத்துவிடுங்கோ."

"ஏன் தம்பி?"

"அதை வைச்சே கொம்பனி வழக்கை வெண்டிடும். அரசாங்க ஆளே துளையாலை உப்பு வரேல்லை எண்டு எழுதிப்போட்டா எண்டு தூக்கிக் காட்டுவாங்கள்."

"வரேல்லைத்தானே."

"எனக்கும் விளங்குது மிஸ். நான் பொய் எழுதச் சொல்லேல்லை. ஒண்டைச் சொல்லாமல் விடத்தான் சொல்லுறன்."

"முந்தின ஆக்களும் ஒரு வசனத்தைத்தான் எடுக்கச் சொன்னவை."

அவருடைய முகம் செத்துப்போனது. "எங்களையும் அவங்களையும் ஒரே தராசிலை போடாதேங்கோ. அவங்கள் கொம்பனிக்காகக் கேட்டவங்கள். நாங்கள் சனத்துக்காகக் கேக்கிறம்."

"அந்தச் சனம்தான் நாளைக்கும் மோட்டரைப் போடப்போகுது. துளையாலைதான் உப்பு எண்டு சொன்னால் ஆர் அதை நிப்பாட்டுவினம்? கிணறு செத்துப்போகும் தம்பி."

"வழக்கு முடியட்டும் மிஸ். பிறகு மெல்ல மெல்லச் சொல்லுவம்."

"உப்புக்கு வழக்குத் தவணை தெரியாது."

அவர் எழும்பினார். கோபமே இல்லை. அழுதுவிடுவார் போல இருந்தது. "உங்களுக்காக நான் அடி வாங்கினனான்," என்றார். சொல்லிக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. பாவம், அவரிடம் வேறு சொல் இருக்கவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

பிள்ளைகளே, இந்த இடத்தை உங்களுக்குச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். மிரட்டுகிறவனுக்கு முடியாது என்று சொல்வதில் ஒரு சுகம் இருக்கிறது. முதுகு தானாக நிமிர்ந்துவிடும். உங்களை நேசிக்கிறவர்கள், நீங்களும் வேண்டுகிற ஒரு நல்ல காரியத்துக்காக, ஒரே ஒரு வசனத்தை விடச் சொல்லிக் கேட்கும்போது முதுகும் நிமிராது, கையும் எழுதாது. அந்த நுங்கை என்னால் தின்ன முடியவில்லை, எறியவும் மனம் வரவில்லை. கிழமை முழுவதும் அந்த வசனத்தைச் சுற்றிச்சுற்றி வந்தேன். கொம்பனி போக வேண்டும் என்று ஜெயந்தனைவிட எனக்கு ஆசை. பிறகு றெஜினாவின் கருகின கத்தரி இலை ஞாபகம் வரும். நோய் என்னவென்று சொல்லாமல் மருந்து கொடுக்க முடியாது. அவ்வளவுதான், வேறு பெரிய தத்துவம் ஒன்றும் என்னிடம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்கு மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். நான் சொல்லப்போவதைக் கேட்க ஊர் முழுக்க வந்திருந்தது. முன் வரிசையில் எனக்குக் கதிரை போட்டு, குளிர்பானம் கொடுத்து, ஒரு பெரிய கைதட்டலும் தந்தார்கள். நான் முதலாவது வசனத்தை விளக்கினேன். இன்னொரு கைதட்டல். அதோடு நான் இருந்திருக்கலாம். ஜெயந்தன் மண்டபக் கதவடியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அடுத்ததைத் தொடங்குவதற்கு முன்பே றெஜினா எழும்பினார்.

"மிஸ், ஒரே ஒரு கேள்வி. எங்கட கிணறுகளிலை உப்பு வந்தது துளையாலைதானே?"

"இல்லை," என்றேன். "ஆழமாக்கினதாலையும் மோட்டராலையும்."

மண்டபம் கொதித்தெழுந்தது. மோட்டரை நிப்பாட்டி, அடியிலே மணல் போட்டால் தண்ணீர் திரும்பும் என்று நான் சொன்னது யாருடைய காதிலும் விழவில்லை. கொம்பனி ஆக்களோடு எப்போதிருந்து கூட்டு என்று ஒருவர் கேட்டார். எங்கட பிழை எண்டோ சொல்லுறீங்கள் என்று இன்னொருவர் கத்தினார். அவையெல்லாம் எனக்குப் பழக்கம். உள்ளதைச் சொன்னால் நொள்ளைக்கண்ணிக்கு நோப்பாளம், உண்மை கேட்கிறவருக்கு நோகத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டு நிற்கலாம். ஆனால் மலைநாட்டுக்கு எனக்குக் கருவாடு அனுப்பின ஒரு அம்மா மெதுவாக எழும்பி, "நாங்கள் உங்களுக்காக வெயிலிலை நிண்டனாங்கள் மிஸ்," என்றார்.

றெஜினா தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார்.

இரண்டு வசனங்களையும் வைத்தே அறிக்கையை அனுப்பினேன். இந்த முறை என்னை ஒருவரும் இடம் மாற்றவில்லை, திட்டவும் இல்லை. உமது அறிக்கை மிகவும் பெறுமதியானது, பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று பணிப்பாளர் சொன்னார். பிறகு ஒரு நிபுணர் குழுவைப் போட்டார்கள். அந்தக் குழு ஒரு நாள் வந்து, மத்தியானச் சாப்பாட்டோடு போய், என் முதலாவது வசனத்தை அப்படியே எடுத்து, அதற்குக் கீழே கிணற்று உப்புக்குத் துளைகளே காரணம் என்று எழுதியது. துளைகளைச் சீமெந்து போட்டு அடைக்கிற விழா நடந்தது. அமைச்சர் வந்து முதல் தாச்சிச் சீமெந்தைக் கொட்டினார். எனக்கு அழைப்பு இல்லை. விழாவுக்கு வந்தவர்கள் கைகழுவ, ஒரு மோட்டர்க் கிணற்றிலிருந்துதான் குழாய் இழுத்திருந்தார்கள் என்று கேள்விப்பட்டேன்.

நான் ஓய்வுபெற்றேன். கந்தோரில் கேக் வெட்டினார்கள். அந்த வருடம் கோவில் திருநாளுக்கு வழக்கம் போலப் போனேன். கண்ட எல்லாரும் "வாங்கோ மிஸ்" என்றார்கள். "இருங்கோ" என்று ஒருவரும் சொல்லவில்லை. நின்றுகொண்டே மாதாவின் சுருவம் ஊர்வலமாகச் சுற்றிவருவதைப் பார்த்துவிட்டு பஸ் ஏறினேன். சந்தையிலும் அப்படித்தான். மீன் வெட்டித் தருகிறவர், ஒரு காலத்தில் ஊர்க்கதை முழுக்கச் சொல்லி அரை மணித்தியாலம் மறிப்பவர், இப்போது மீனை மட்டும் தருவார். ஊரோடு பகைத்தால் வேரோடு கெடும் என்பார்கள். நான் கெட்டுப்போகவில்லை. சும்மா இருக்கிறேன். சில நாட்களில், பேசி நாளாகிவிட்டதே என்று, வானொலியில் செய்தி வாசிக்கிறவருக்குப் பதில் சொல்லுவேன். ஜெயந்தனைத் தெருவில் கண்டால் அவர் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்பார். நான் கடந்து போனதும் திரும்ப ஏறுவார்.

போன மாரி கழிந்து சில வாரங்கள் இருக்கும். காலையில் வாசல் படலையைத் தட்டுகிற சத்தம் கேட்டது. றெஜினா. வெயிலில் வந்த களைப்போடு, ஒரு துணிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். உள்ளே வந்ததும் பையிலிருந்து ஒரு சோடாப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே தண்ணீர்.

"ஆஸ்பத்திரிக்குப் போறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். இதை ஒருக்கால் பாத்துச் சொல்லுங்கோ மிஸ்."

மீற்றர் அலுமாரியில்தான் இருந்தது. புது பற்றரி போட்டு, தண்ணீரில் வைத்தேன். எண் ஏறுகிற வழியாக இல்லை. பிழையாக்கும் என்று துடைத்துவிட்டுத் திரும்ப வைத்தேன். அதே எண்தான். நாக்கிலும் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன்.

"நல்ல தண்ணி," என்றேன். "இது ஆர் வீட்டுக் கிணறு?"

"என்ரை." றெஜினா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. "அண்டைக்குக் கூட்டத்திலை இருந்து வீட்டை போய், மோட்டரைக் கழட்டி வைச்சிட்டன். எரிஞ்சு போச்சுது எண்டு அயலுக்குச் சொன்னனான். கடற்கரை மணலைக் கழுவிக் கழுவி நானே கிணத்துக்குள்ளை கொட்டினன். இப்ப குடம்தான். மாதா மன்னிக்கட்டும். இந்த வருசம் மிளகாய் நல்லாக் காய்ச்சிருக்கு மிஸ்."

நான் எழும்பி அவரைக் கட்டிப்பிடித்தேன். எத்தனை காலத்துக்குப் பிறகு இன்னொரு மனிதரைத் தொடுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு மாலை போட்ட அன்றும் வரவில்லை.

"வாங்கோ, இப்பவே ஊருக்குப் போவம்," என்றேன். "பங்கு மண்டபத்திலை வைச்சு எல்லாருக்கும் குடிக்கக் குடுப்பம். மற்றக் கிணறுகளையும் காப்பாத்தலாம்."

றெஜினா என் பிடியிலிருந்து விலகினார்.

"ஏலாது மிஸ். வழக்கு இன்னும் முடியேல்லை. மோட்டரைக் கழட்டினதாலை என்ரை கிணத்திலை நல்ல தண்ணி வந்திட்டுது எண்டு வெளியிலை தெரிஞ்சால், துளையாலை இல்லை எண்டு கொம்பனிக்காரர் கோர்ட்டிலை காட்டுவாங்கள். பிறகு தீவே போயிடும். அதோடை, ஊருக்குத் தெரியாமல் உங்கட சொல்லைக் கேட்டனான் எண்டால் என்னையும் தள்ளி வைச்சிடுவினம். முகாமிலை இருந்து வந்தவள் எண்டு ஏற்கெனவே ஒரு கண்ணாலைதான் பாக்கினம். எனக்கு இனிப் போக வேறை ஊர் இல்லை. கையெடுத்துக் கும்பிடுறன், ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

உண்மையாகவே கும்பிட்டார். இரண்டு அரசுகளுக்கு மாட்டேன் என்று சொன்ன நான் அந்தக் கைகளைப் பிடித்து இறக்கினேன். அவர் பயந்ததும் பொய்யில்லை. பக்கத்து வளவுகளில் மோட்டர்கள் ஓடிக்கொண்டிருப்பதும் பொய்யில்லை.

"உங்கட பேரையும் ஊரையும் ஒருக்காலும் சொல்லமாட்டன்," என்றேன் கடைசியில். "ஆனால் தண்ணி திரும்புமோ எண்டு ஆரும் என்னட்டை வந்து கேட்டால், திரும்பும், என்ரை கண்ணாலை கண்டனான் எண்டுதான் சொல்லுவன். அதை மறைக்க என்னாலை ஏலாது."

றெஜினா போத்தலை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார். படலை மட்டும் போனவர் திரும்பி வந்து, என்னைத் தேற்றுகிற மாதிரி முழங்கையைத் தொட்டார்.

"அதுக்கு நீங்கள் பயப்படாதேங்கோ மிஸ்," என்றார். "உங்களிட்டை வந்து ஆர் கேக்கப்போகினம்?"